படுக்கையில் கிடந்த அப்பாக்கள்

“உனக்கு என்னம்மா செய்யத் தெரியும்?”

மலையாள நாட்டுத் தலைநகரில், தம்பானூர்ப் பகுதியில் ஒரு பெரிய துணிக்கடையின் மாடி அறையில் வைத்து ஓர் அம்மாள் பொன்செல்வியிடம் இப்படிக் கேட்டாள். அதட்டலாக இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, பதிலை உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளாகத்தான் கேட்டாள்.

பொன்செல்விக்கு அப்போது பதினெட்டு வயது. பிளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடம் நின்றுபோயிருந்தது. நாலு பேர் முன்னால் சொந்தப் பெயரைச் சொல்லவே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் சுபாவம். ஆனால் அவளுக்குத் தெரிந்தவை இல்லாமல் இல்லை. தமிழும் மலையாளமும் தப்பில்லாமல் எழுதுவாள். பக்கத்து வீட்டுத் தையல்காரியோடு இருந்து பழகி, துணியை விரல்நுனியில் உரசிப் பார்த்தே அது பருத்தியா கலப்பா என்று சொல்லிவிடுவாள். துணிக்கடையில் வேலை கேட்கப் போன இடத்தில் அதைச் சொல்லியிருக்கலாம். அவள் வாயிலிருந்து வந்ததோ வேறு.

“எங்க அப்பா தவறிட்டாங்க, மேடம்.”

அந்த அம்மாளின் முகம் இளகிப்போயிற்று. “அய்யோ பாவம்” என்றாள். இழுப்பறையைத் திறந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து அவள் கையில் வைத்து, “பார்த்துப் போம்மா” என்று அனுப்பிவிட்டாள். வேலை வேறொருத்திக்குப் போனது.

பேருந்து நிறுத்தத்தில் அந்தப் பாக்கெட்டைப் பிரிக்காமல் வெகுநேரம் வைத்திருந்தாள் பொன்செல்வி. அவளுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. கேட்டவளுக்குத்தான் இரக்கம் வந்துவிட்டதே, பிறகு வேலை ஏன் வரவில்லை?

இதெல்லாம் நடந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது அவள் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில், குற்றாலலிங்கம் அண்ணாச்சியின் ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறாள். அண்ணாச்சிக்குப் பூர்வீகம் தென்காசிப் பக்கம். தங்கமான மனிதர்தான், வாய் மட்டும் ஓயாது. ஜெராக்ஸ் மெஷின் நின்றாலும் அவர் பேச்சு நிற்காது என்று சந்தில் எல்லோரும் சொல்வார்கள்.

வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் முதலில் பிள்ளையார் முன்னால் தேங்காயை ஓங்கி உடைப்பார்கள். சிதறிய ஓடு கல்லில் தெறித்து அடங்குவதற்குள் இந்தக் கடைக்கு வந்து நிற்பார்கள். “பிள்ளையாருக்கு ஒரு தேங்கா, கம்பெனிக்கு ஒரு லெட்டர். ரெண்டும் ஒடைஞ்சாத்தான் காரியம் நடக்கும், கேட்டோ” என்பார் அண்ணாச்சி.

அந்த லெட்டர் ஒரே லெட்டர்தான். பல வருஷங்களுக்கு முன்னால் யாரோ ஒரு பையன், பக்கவாதத்தில் விழுந்த தன் தகப்பனாரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி வாங்கிப் போனான். அவனுக்கு ஓர் ஆபீசில் பியூன் வேலை கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து அது ராசிக் கடிதம் ஆகிவிட்டது. ‘மிகவும் ஏழ்மையான குடும்பத்தின் மகன் நான். என் தந்தை ஐந்து ஆண்டுகளாகப் படுத்த படுக்கையாக இருக்கிறார். தாங்கள் கருணை கூர்ந்து எந்த வேலை கொடுத்தாலும் காலமெல்லாம் நன்றியோடு செய்வேன்.’ இதில் பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும். பெண்ணாக இருந்தால் ‘மகன்’ என்பது ‘மகள்’ ஆகும். வேறு ஓர் எழுத்தைத் தொட அண்ணாச்சி விடமாட்டார். தொட்டால் ராசி போய்விடுமாம்.

இப்படியாக, கிழக்கேகோட்டையிலிருந்து வலியசாலை வரை எத்தனையோ அப்பாக்கள், தங்களுக்கே தெரியாமல் படுக்கையில் கிடந்தார்கள். ஒருமுறை அப்படிப்பட்ட அப்பா ஒருவரே மகனோடு சைக்கிளில் வந்து, டைப் அடித்த கூலியைக் கொடுத்துவிட்டு, மிதித்துக்கொண்டு போனார்.

ஒருநாள் மத்தியானம், இசக்கிப்பாண்டி என்ற இளைஞன் கடைக்கு வந்தான். கூடவே அவனுடைய அப்பா தங்கபாண்டி. வள்ளியூர்ப் பக்கத்துக்காரர்கள். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் குடியிருக்கிறார்கள். மகன் பெரிய கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவன், அப்பா பூச்சு வேலைக்காரர். கழக்கூட்டம் பக்கத்தில் கட்டடக் கம்பெனி ஒன்று, வேலையிடத்தில் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுக்கிறது. அன்று சாயங்காலத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.

“இது கிடைச்சாகணும் தாயி” என்றார் தங்கபாண்டி, மகன் சற்று விலகி நின்ற நேரம் பார்த்து. “இவனுக்குக் காதுக்குள்ள என்னமோ கோளாறு. உயரத்துல நின்னா தலை சுத்துது. ஏறவே கூடாதுன்னுட்டாரு டாக்டரு. ஒரு கான்ட்ராக்டர் திங்கக்கிழமை வரச் சொல்லிருக்கான். இது இல்லேன்னா இவன் கோளாற மறைச்சுக்கிட்டு அங்க போயி ஏறிருவான். எனக்குத் தெரியும்.”

பொன்செல்வி தலையை மட்டும் ஆட்டினாள். பெயரை மாற்றினாள், தேதியை மாற்றினாள். கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் விஷயத்தைத் தமிழில் சொல்லிவிடுவது கடை வழக்கம். தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

“என் தந்தை ஐந்து ஆண்டுகளாகப் படுத்த படுக்கையாக…”

“யாரு?” என்றார் தங்கபாண்டி.

அவள் நிறுத்திவிட்டாள்.

“இல்ல, யாரு படுத்துக் கெடக்கான்னு கேக்கேன். காலம்பற நாலாம் மாடிக்குச் சிமெண்டு மூட சுமந்துட்டு வாரேன். என்னப் போயி படுக்கையில போட்டாச்சா? ஏலே இசக்கி, நீயா சொன்ன?”

“நான் ஒண்ணும் சொல்லலப்பா” என்றான் மகன், கூச்சத்தோடு.

அண்ணாச்சி சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். “சும்மா கெடயும் ஓய். இங்க எல்லா அப்பனும் படுக்கைதான். இது ராசிக் கடிதம். படிக்கவனுக்கு மனசு இரங்கணும்லா?”

“படுத்துக் கெடக்கவன் மவனப் பாத்து இரங்கட்டும். எனக்கு என்னத்துக்கு? நாளைக்கு அந்தக் கம்பெனி வாசல்ல நான் போயி நின்னா, பேய்னு நெனச்சு ஓடவா?”

ஜெராக்ஸுக்குக் காத்திருந்த ஒருத்தி பொத்துக்கொண்டு சிரித்தாள். தங்கபாண்டி சிரிக்கவில்லை. நிஜமாகவே புண்பட்டிருந்தார்.

“தாயி, அதெல்லாம் எடுத்துரு. அவன் செஞ்ச காரியம் ஒண்ணு இருக்கு, அதப் போடு.”

“அப்பா, சும்மா இருங்க” என்றான் இசக்கிப்பாண்டி அவசரமாக. “அது வேலையவிட்டு நிறுத்துன கதை. அதையா எழுதுவாங்க? உள்ளதும் போயிரும்.”

பொன்செல்வி அவனை நிமிர்ந்து பார்த்தாள். முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தை அவள் அப்படிப் பார்ப்பது அபூர்வம்.

“உங்களுக்கு என்ன செய்யத் தெரியும், அண்ணே?”

கேட்ட பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று அவளுக்கு நினைவு வந்தது.

இசக்கிப்பாண்டி கைகளைப் பார்த்துக்கொண்டான். “நாங்க கஷ்டப்பட்ட குடும்பம், தங்கச்சி…” என்று ஆரம்பித்தான்.

“அது இல்லண்ணே. என்ன செய்யத் தெரியும்னு கேட்டேன்.”

அப்பாதான் தொடங்கினார்.

“பெரிய கட்டடம் ஒண்ணு, பதினாலு மாடி. வெளிப்பூச்சு நடக்குது. ராத்திரி பூரா மழ அடிச்சு விட்டிருந்தது. நாங்க தூக்குச்சட்டிய வச்சிட்டு ஏற நிக்கோம். இவன் மட்டும் கீழ நின்னு, சாரத்துல ஒவ்வொரு கிளாம்பா ஸ்பானரால தட்டிட்டே வாரான். தெனமும் தட்டுவான். முறுக்கா இருந்தா கணீர்ங்கும், இளகியிருந்தா சத்தம் செத்துப் போவும். மூலையில ஒரு காலுகிட்ட வந்தான், தட்டினான். குனிஞ்சவன் எந்திரிக்கவே இல்ல.”

“அடிப்பலகைக்குக் கீழ மண்ணு இல்ல, தங்கச்சி” என்றான் இசக்கிப்பாண்டி. இப்போது அவன் குரல் மாறியிருந்தது. “தண்ணி அரிச்சுட்டுப் போயிருந்தது. மேலாக்க ஒண்ணும் தெரியாது. கைய விட்டுப் பாத்தேன். முழங்கை வரைக்கும் போச்சு.”

“அப்புறம்?”

“யாரும் ஏறாதீங்கன்னேன்.”

“அதச் சொல்லிட்டு ஏணிக்கு அடியில குத்துக்கல்லு மாதிரி உக்காந்துட்டான்” என்றார் அப்பா. “சூப்பர்வைசர், எந்திரிடான்னு மலையாளத்துல சத்தம் போடுதான். ‘எடா, எழுந்நேல்க்கடா! கலவை போட்டாச்சு, கட்டியாப் போகும்!’ இவன் அசையல. அந்த ஆளு இவன் தலையில இருந்த தொப்பியப் புடுங்கிட்டான். இனி இந்த சைட்டுல கால் வைக்காதேன்னுட்டான். இவன் என்ன சொன்னான் தெரியுமா? ‘தொப்பி போனா என்னப்பா, தலை இருக்குல்லா. நீங்க மட்டும் ஏறிராதீங்க’ன்னான். எந்திரிச்சுப் போயிட்டான். அவன் போனதும் எங்களுக்கும் ஏற மனசு வரல. ஏறு, மாட்டோம், ஏறு, மாட்டோம்னு வாக்குவாதம். டீ வந்துது. குடிச்சிட்டு நிக்கோம். காத்து எடுத்துச்சு.”

தங்கபாண்டி கையை உயர்த்தினார்.

“பாய் சுருட்டுத மாதிரி, தாயி. மேல இருந்து கீழ வரைக்கும் அவ்வளவு சாரமும் அப்படியே மடங்கி வந்து உக்காந்துது. எங்க கையில கிளாஸு. குடிக்கவும் தோணல, கீழ போடவும் தோணல. தூசி அடங்கினப் பெறவு மேஸ்திரி ஒவ்வொருத்தன் பேராக் கூப்பிட்டாரு, பள்ளிக்கூடத்துல கூப்பிடுவாவல்லா, அப்படி. ஒவ்வொருத்தனும் ‘இருக்கேன்’னான். எல்லாப் பேருக்கும் பதில் வந்துது. எல்லாப் பேருக்கும்.”

“அண்ணன் அப்போ எங்க இருந்தாங்க?”

“இவனா? இவன் அதுக்குள்ள பஸ்ஸு ஏறிட்டான். விழுந்ததையே பாக்கல.”

கோயில் பக்கம் யாரோ தேங்காய் உடைத்தார்கள். பொன்செல்வியின் விரல்கள் விசைப்பலகைக்கு மேலே அந்தரத்தில் நின்றன. ‘இருக்கேன், இருக்கேன்’ என்ற குரல்கள் ஒவ்வொன்றாக அவள் காதில் விழுந்தன. அத்தனை வீடுகளில் அன்று ராத்திரி விளக்கு எரிந்திருக்கும். சோறு வெந்திருக்கும். சட்டைக் காலர் நைந்துபோய், கூச்சத்தோடு எதிரே நிற்கிற இந்த ஆள், முழங்கை அளவு சேற்றுக்குள் கையை விட்டு அத்தனை பேரையும் வெளியே எடுத்திருக்கிறான். அதை ஒரு களங்கம் என்று நினைத்து மறைத்து வைத்துக்கொண்டு, கருணை காட்டுங்கள் என்று எழுத வந்திருக்கிறான். மலையை மடியில் கட்டிக்கொண்டு கூழாங்கல் கேட்கிற மனிதன். இப்படி எத்தனை பேருடைய மலைகளை, பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி, இதே கையால் மூடியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குப் பயமாகக்கூட இருந்தது.

ராசிக் கடிதத்தை மூடிவிட்டு, வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்தாள். எந்த வேலைக்கு எழுதுகிறான் என்று முதல் வரியில், தனக்குத் தப்பில்லாமல் வரும் மலையாளத்தில் எழுதினாள். அடுத்து அந்தக் காலை வேளையை எழுதினாள். மழை, ஸ்பானர், செத்துப்போன சத்தம், மண்ணுக்குள் போன கை, டீ கிளாஸோடு அப்பா நின்று பார்க்க மடங்கி விழுந்த சாரம். அலங்காரம் ஒன்றும் இல்லை. நடந்தது நடந்தபடி. அதற்காகத்தான் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டேன் என்பதையும் எழுதினாள். வேலை கிடைத்தால் அந்தக் கம்பெனியின் கட்டடத்தில் தினமும் காலையில் என்னென்ன பார்ப்பான் என்று அவனிடம் கேட்டுக் கேட்டு எழுதினாள். கேட்கக் கேட்க அவன் முதுகு நிமிர்ந்துகொண்டே வந்தது.

“காது விஷயத்த மறைச்சிரலாமா?” என்றான் மெதுவாக.

“வேண்டாம்ணே. உயரத்துல ஏற முடியாதுன்னு எழுதுதேன். ஏறக் கூடாதவங்களத் தடுக்கத் தெரியும்னும் எழுதுதேன்.”

அண்ணாச்சி தோளுக்குப் பின்னால் வந்து நின்று படித்தார். “நல்லாத்தான் இருக்கு செல்வி. ஆனாலும் கடைசியில ஏழைக் குடும்பம், கருணை கூர்ந்துன்னு ஒரு வரி… ராசிக்காவது…”

“வேண்டாம், அண்ணாச்சி.”

அந்தக் கடையில் சேர்ந்த பிறகு அண்ணாச்சியிடம் அவள் சொன்ன முதல் ‘வேண்டாம்’ அது. அண்ணாச்சி ஏதோ முணுமுணுத்தபடி மெஷின் பக்கம் போய்விட்டார். அவள் தமிழில் முழுவதையும் சொல்லி முடித்தபோது, இசக்கிப்பாண்டி வேறு யாரைப் பற்றியோ கேட்கிறவனைப்போல வாயைத் திறந்துகொண்டு நின்றான். “இது நானா?” என்றான். பிறகு பேனாவை வாங்கி, நிதானமாகத் தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

திங்கட்கிழமைக்கு முன்னாலேயே நேரில் வரச் சொல்லிக் கம்பெனியிலிருந்து அவனுக்குப் போன் வந்துவிட்டது என்று தெரிந்தது. அதற்குமேல் சேதி இல்லை. பொன்செல்வி தினமும் சந்து முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில், சிதறிய தேங்காய்ச் சில்லு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தங்கபாண்டி வந்தார். முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“கெடச்சிட்டு தாயி! நேத்தே சேந்துட்டான். மஞ்சத் தொப்பி குடுத்திருக்காவ!” உட்காரச் சொல்லியும் உட்காராமல் பேசினார். “அந்தக் கம்பெனியில மாளவிகான்னு ஒரு மேடம். காயிதத்தக் கையில வச்சுக்கிட்டு, ‘மண்ணுக்குள்ள கை விட்ட ஆளு நீங்கதானா’ன்னு கேட்டாவளாம். பெறவு ஒரு கட்டு லெட்டரத் தூக்கிக் காட்டி, ‘இவிடெ எல்லா அச்சன்மாரும் கிடப்பிலாணல்லோ, நிங்ஙளுடெ அச்சன் மாத்ரம் சாய குடிச்சு நில்க்குந்நு’ன்னு சிரிச்சாவளாம். எல்லா அப்பனும் படுத்துட்டான், உன் அப்பன் மட்டும் நின்னுக்கிட்டு டீ குடிக்கான்னு!”

அண்ணாச்சியின் சிரிப்பு பாதியில் நின்றது. “அந்தக் கட்டு நம்ம லெட்டரா?”

“உம்ம லெட்டரா எவன் லெட்டரான்னு எனக்கு என்ன தெரியும்? ஒரு எழுத்து மாறாம இருந்துச்சாம். ரெண்டு பாத்தாவளாம், மத்தத பிரிக்கவே இல்லியாம்.”

பொன்செல்வி தாழ்ந்த குரலில், “அண்ணாச்சி, வலியசாலை ஐயப்பனும் அந்தக் கம்பெனிக்குத்தான் எழுதினான். அதுல அவன் லெட்டரும் இருக்கும்” என்றாள். “அவங்க அப்பா நெசமாவே படுக்கையிலதான் கெடக்காங்க.”

அண்ணாச்சிக்கு அவனைத் தெரியும். எலெக்ட்ரிக் வேலை கற்றவன். தகப்பனாரைக் குளிப்பாட்டிவிட்டு ஈரக் கையோடு கடைக்கு ஓடி வந்த பையன். அவர் பார்வை கம்ப்யூட்டர் பக்கம் போயிற்று.

அந்த நேரம் பார்த்து மீனு என்ற பெண் வந்து நின்றாள். தேங்காய் உடைத்த கை இன்னும் நனைந்திருந்தது. ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேசை வேலைக்கு விண்ணப்பம்.

“அக்கா, எங்களுக்கு ரொம்பக் கஷ்டம்னு நல்லா உருக்கமா எழுதுங்க, ப்ளீஸ். படிச்சா அழணும்.”

பொன்செல்வி எழுந்து நின்றாள். கடை நிறைய ஆள் இருந்தார்கள். வழக்கம்போல நாக்கு ஒட்டப் பார்த்தது. ஆனாலும் பேசினாள்.

“மீனு, நானும் ஒரு தடவ வேலை கேக்கப் போனேன். என்ன செய்யத் தெரியும்னு கேட்டாங்க. அப்பா இல்லன்னு சொன்னேன். பாவம்னு சொல்லி ஒரு பிஸ்கட் பாக்கெட் குடுத்தாங்க. இரக்கத்துக்குக் கிடைக்கறது அவ்வளவுதான். அத வாங்கிட்டு வந்துரலாம், அதுல பொழைக்க முடியாது. வேலை கேக்கறது பிச்சை கேக்கறது இல்ல. பொய்யா அழுது எழுதினா, நெசமா அழுறவங்களையும் யாரும் நம்ப மாட்டாங்க. நம்ம கஷ்டம் நம்ம வீட்டுல இருக்கட்டும். அந்த ஒரு பக்கத்துல நம்ம கை என்ன செஞ்சுது, இனி என்ன செய்யும், அத மட்டும் உள்ளபடி எழுதுவோம். நீ சொல்லு. உனக்கு என்ன செய்யத் தெரியும்?”

மீனு விழித்தாள். “எனக்கா? எனக்கு ஒண்ணும்…” என்று தொடங்கி நிறுத்தினாள். பிறகு, “கோபமா வர்றவங்ககிட்ட பேசத் தெரியும்க்கா. எங்க மெடிக்கல் ஷாப்புல சண்டை போட வர்றவங்கள எல்லாம் என்கிட்டதான் விடுவாங்க” என்றாள். சொல்லிவிட்டு, தன் வாயிலிருந்து வந்ததைத் தானே நம்ப முடியாமல் சிரித்தாள்.

அண்ணாச்சி கம்ப்யூட்டருக்கு அருகே வந்தார். குனிந்து, ராசிக் கடிதத்தைத் தேடி எடுத்தார். ஒரு கணம் அதையே பார்த்தார். அழித்தார். தான் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து, இத்தனை வருஷமும் வந்தவர்கள் நின்றுகொண்டே இருந்த அந்த இடத்தில், மீனுவுக்குப் போட்டார். பிறகு செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, வாய் ஓயாத அந்த மனிதர், “ஐயப்பனக் கூட்டிட்டு வாரேன், அவனுக்கும் புதுசா எழுதணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு, வலியசாலைப் பக்கம் படியிறங்கிப் போனார்.